புள்ளிக் கவுன் குறும்புக்காரி

பெயரிலேயே பால் வைத்திருக்கும் பாலக்காட்டுக்காரர்களிடமே வெண்ணெய் விற்கிறதே அமுல், அப்படி என்ன வசியம்?
– சித்தூர் வாசகர், பாலக்காடு மாவட்டம்

உங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது பாலை மரம் என்பார்கள். பால் இருப்பது அமுல் பிறந்த குஜராத் ஆனந்தில்!

வசியம் ஒரு சிறுமி. 1966-இல் விளம்பரக்காரர் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் பெற்றெடுத்தவள். நீல முடி, சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளைக் கவுன், கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. ஊர் பேசும் சேதி ஆறுவதற்குள் அதைச் சிலேடையாக்கி விளம்பரப் பலகையில் ஏற்றிவிடுவாள்.

வெளியிடுமுன் தன்னிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டாம் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டவர், அப்போது அமுலை நடத்திய வர்கீஸ் குரியன். அந்தத் துணிச்சல் எத்தனை முதலாளிகளுக்கு வரும்? கோழிக்கோட்டில் பிறந்த குரியன் பால் குடிக்காதவராகவே இருந்தார். பிடிக்காதாம்!