பகலிலும் எரியட்டும்

கேள்வி: பைக் ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு போட்டால் எதிரே வருபவர் கண்ணில் நன்றாகப் படுமா?

பதில்: படும், கண்ணையும் கூசவைக்கும்! ஹாலஜன் பல்பின் மெல்லிய இழைக்கென்றே வளைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். எதிரே வரும் லாரி டிரைவருக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் பந்துதான். பைக் எத்தனை தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கணிக்கத் திணறிப்போவார்.

எதிரே வருபவர் கண்ணில் படத்தான் இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய பைக்குகளில் பகலிலும் விளக்கு தானாக எரிகிறது.

நல்ல ஏற்பாடு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் விளக்கை எரியவிட்ட பைக் ஓட்டிகள் அடிபடும் ஆபத்து 27 சதவீதம் குறைவாக இருந்தது. பளிச்சிடும் உடை அணிந்தவர்களுக்கோ 37 சதவீதம்! பல்பு வாங்கும் காசில் முதலில் ஒரு மஞ்சள் ஜாக்கெட் வாங்குங்கள். ஹெட்லைட் கண்ணாடியில் படிந்த புழுதியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதற்குக் காசே வேண்டாம்.