லினக்ஸில் இன்மையின் வகைகள்: கிராஃபிக்ஸ் கார்டு ஃபர்ம்வேரை முன்வைத்து ஓர் ஆய்வு

உபுண்டு, ஃபெடோரா என ஆயத்தமாக வருவனவற்றை நிறுவிக்கொள்வோர்க்கு இவ்வாய்வால் பயன் யாதுமில்லை. அவர்களுக்குத் திரை ஒழுங்காக வந்துவிடுகிறது. எனவே சிந்திக்க வேண்டிய தேவை எழுவதில்லை. ஜெரார்டு பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ நெறியில் நின்று, கம்பைலர் முதல் கெர்னல் ஈறாக அனைத்தையும் தம் கையாலேயே கட்டிக்கொள்ளும் சிறு கூட்டத்தார் உளர். விடுமுறை நாளை வேறு எவ்வாறு கழிப்பது என்று அறியாத இவர்களே நம் ஆய்வுக்களம்.

ஏஎம்டி அட்டை வைத்திருப்பவர் தாம் கட்டிய கெர்னலை முதன்முதலில் ஏற்றும்போது, பல வேளைகளில் சில வரிகள் ஓடும். பிறகு திரை கருத்துவிடும். காரணம் கெர்னலின் பதிவேட்டில் தெளிவாகவே இருக்கும்: ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2. திரை வராத காரணத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லும் இவ்வேற்பாடு தனி ஆய்வுக்குரியது. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையத் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம்.

-2 என்றால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’. எந்த வகையில் இல்லை என்பதே வினா. அன்னம்பட்டரின் தருக்க நூலான ‘தருக்க சங்கிரகம்’ இன்மையை நான்காகப் பகுக்கும். கெர்னலோ நான்கிற்கும் ஒரே எண்ணைக் கொடுத்துக் கைகழுவுகிறது. அது செய்யாத பகுப்பை நாம் செய்வோம்.

பொருள் தோன்றும் முன் உள்ளது முன்னின்மை. 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் அட்டைகள், என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும். என்விடியா அட்டைகளுக்கான திறமூல டிரைவராகிய நூவோவை எழுதுவோர்க்கு அக்கோப்புகள் வந்து சேர்ந்தது 2016இல். அதுவரை அட்டை உண்டு, டிரைவர் உண்டு, கையொப்பம் இல்லை.

இருந்தது போனபின் உள்ளது அழிவுபாட்டின்மை. லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பு நூற்றுக்கணக்கான மெகாபைட் கொள்ளும். சிக்கனக்காரர் ‘வேண்டாதவற்றை’ அழிப்பார். மேலும் விளக்கம் வேண்டா.

முழுதுமின்மைக்குச் சான்று, கட்டற்ற மென்பொருளே வேண்டும் என்போரின் கெர்னலான லினக்ஸ்-லிப்ரே. மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரைக் கேட்கும் இடங்களையே கெர்னலிலிருந்து வெட்டி எறிந்துவிடுவார்கள் இக்கொள்கையினர். கேட்டால்தானே இல்லை என்று சொல்ல!

குடம் துணி அன்று என்பது போன்றது ஒன்றினொன்றின்மை. ஏஎம்டியின் ரேவன் சில்லு பிக்காசோ சில்லு அன்று. ஒன்றன் கோப்பை மற்றொன்றுக்கு வைத்துப் பயனில்லை. ஏஎம்டியில் பெயரிடுவோர் முதலில் மரங்களை நாடினர்: செடார், ரெட்வுட், ஜூனிபர். பிறகு தீவுகள்: டஹிட்டி, ஹவாய், ஃபிஜி. பிறகு விண்மீன்கள், ஓவியர்கள், ஒருவழியாக மீன்கள். கடையில் ஆர்எக்ஸ் 6800 என்று வாங்கிவந்த அட்டை ‘சியென்னா சிக்ளிட்’ பெயரிலுள்ள கோப்புகளைக் கேட்கும். ஆர்எக்ஸ் 6600 ‘டிம்கிரே கேவ்ஃபிஷ்’ கேட்கும். பெட்டியின் மேல் எந்த மீனும் அச்சிட்டிருக்காது. நெய்தலுக்கு இத்தனை இடம் கொடுத்தவர்கள் மருதத்தை அறவே தொடாதது ஏன் என்பதற்கு விடை கிட்டவில்லை.

இனி, இந்நான்கிலும் அடங்காத ஒன்று உண்டு. இவ்வாய்வின் கண்டுபிடிப்பும் அதுவே. கோப்பு வட்டில் இருக்கிறது. பெயர் சரி, அடைவு சரி. ஆயினும் -2. டிரைவரைத் தனி மாட்யூலாக, அதாவது ‘எம்’ என்று குறிக்காமல், ‘ஒய்’ என்று குறித்துக் கெர்னலுக்குள்ளேயே புதைத்தவருக்கு இப்பேறு வாய்க்கும். உள்ளே புதைந்த டிரைவர் கண்விழித்ததுமே கோப்பைக் கேட்கிறது. ரூட் பார்ட்டிஷனோ இன்னும் மவுண்ட் ஆகவில்லை. கல்யாண மண்டபத்தின் பூட்டைத் திறக்கும் முன்பே நாதஸ்வரக்காரர், உள்ளே வைத்த தம் வாத்தியத்தைக் கேட்டதற்கு ஒப்பானது இது. சற்றுப் பொறுத்துக் கேட்டிருந்தால் அதே கோப்பு கிடைத்திருக்கும். ஆகவே குறை கோப்பில் இல்லை, கேட்ட வேளையில் இருக்கிறது. இதற்கு ‘அகால இன்மை’ எனப் பெயரிடுகிறோம். தருக்க நூலார் இதைக் கூறாது விட்டது கெர்னல் கட்டிப் பழகாமையால் என்க.

பரிகாரம் எளிது: ‘எம்’ என்று மாற்றலாம், அல்லது இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றில் கோப்புகளை வைத்து முன்கூட்டியே தரலாம். ‘ஒய்’ கட்சியார் இரண்டையும் இழுக்கு என்பர். அவர்கள் ‘எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்’ என்ற வரியில் கோப்புப் பெயர்களை இடைவெளிவிட்டு அடுக்கி, ஃபர்ம்வேரையும் கெர்னலுக்குள்ளேயே புதைப்பர். ஓர் அட்டைக்கே பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரலாம். குறிப்பிட்ட கோப்பு வட்டில் இல்லையென்றால் கெர்னல் கட்டும்போதே பணி நின்றுவிடும். இங்காவது இன்மை காலத்தோடு தெரிகிறது. இப்படிக் கட்டிய கெர்னலைப் பிறருக்கு வழங்குவதில் உரிமச் சிக்கல் உண்டென்று கெர்னலின் உதவிக்குறிப்பு எச்சரிக்கிறது. இதுவரை யாரும் வந்து கேட்டதாகத் தகவல் இல்லை.

இன்டெல்லின் ஸ்கைலேக் முதலான சில்லுகளில் டிஎம்சி என்னும் ஃபர்ம்வேர் இல்லாவிட்டாலும் படம் தெரியும். மின்சேமிப்பு மட்டும் சற்றுக் குறையும். துன்பம் போதாமையால் அவை இவ்வாய்வின் எல்லைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டன.