ரெண்டு குதிரு, ஒத்தச் சாவி

ஏலே பேராண்டி, மூணு நாளா அந்தப் பொட்டி முன்னால தலையச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, என்ன சங்கதி? ரெய்டு போட்ட மெஷினுக்கு எந்த பூட் லோடர் ஒசத்தின்னா? மாடு வாங்கப் போனவன் மூக்கணாங்கயித்து நெறத்துக்குச் சண்ட போட்ட மாதிரில்ல இருக்கு!

நான் லிலோ காலத்து ஆளு. அது பாவம், கண்ணு தெரியாத பய. கர்னல் டிஸ்குல எந்தெந்தக் கட்டத்துல கெடக்குன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கும். கர்னல மாத்திப்புட்டு லிலோவ ஒரு வாட்டி ஓட்ட மறந்தியோ, பழைய கட்டத்தையே தடவிக்கிட்டு நிக்கும். 2015ஓட அத வளக்குறதையும் விட்டுட்டாங்க. பழைய கிரப்புக்கு ரெய்டுன்னா என்னன்னே தெரியாது. ரெய்டு 1ல மெட்டாடேட்டாங்கிற முத்திரை டிஸ்கோட வாலுப் பக்கம் இருந்தா, ஒரு பாதியைச் சாதா டிஸ்குன்னு நெனச்சுப் படிச்சுட்டுப் போயிரும். மடப்பயலுக்கும் ஒரு நேரம் யோகம் அடிக்கும்லா?

கிரப் 2 மெத்தப் படிச்சது. ரெய்டு 5, 6, எல்விஎம் எல்லாம் வாசிக்கும். அதுக்காக பூட் பார்ட்டிஷனையும் அந்தக் காட்டுக்குள்ள கொண்டு போய் ஒளிக்கணுமா? பேசாம ரெய்டு 1ல வையி. எந்த டிஸ்கு தனியா நின்னாலும் படிச்சுக்கலாம்.

ஒரு ஆபீசு, பேரு வேண்டாம். ரெண்டு டிஸ்கு, ரெய்டு 1. சனிக்கெழம ராத்திரி மொத டிஸ்கு மண்டையப் போட்டுது. "ரெய்டு இருக்கு, பயமில்ல"ன்னு மீசைய முறுக்கிக்கிட்டு மெஷின அணைச்சுப் போட்டான் ஒரு சின்னப் பய. கறுப்புத் திரை. மூலையில ஒத்தக் கோடு மினுக்கு மினுக்குன்னுச்சு. அம்புட்டுதான்.

ஏன்னு கேளு. பயாஸ் மொதல்ல வாசிக்கது டிஸ்கோட மொத 512 பைட்டு. அதுல பூட் லோடருக்கு எடம் 446 பைட்டு. ரெய்டு காப்பியெடுத்தது பார்ட்டிஷனை மட்டும். இந்த மொதக் கட்டம் அதுக்கு வெளிய கெடக்கு. ரெண்டாவது டிஸ்குலயும் கிரப்-இன்ஸ்டால ஓட்டணும்னு ஒருத்தனுக்கும் தோணல. ரெண்டு குதிருலயும் நெல்லு நெறஞ்சு கெடந்துச்சு. சாவி, வெந்துபோன குதிரோட போச்சு.

யூஇஎஃப்ஐ புது மெஷினா? அந்த ஃபர்ம்வேருக்கு நீ போட்ட ரெய்டும் தெரியாது, கிய்டும் தெரியாது. அதுக்குப் புரியுறது இஎஸ்பிங்கிற ஃபேட் துண்டுதான். டிஸ்குக்கு ஒண்ணு வையி, எஃபிபூட்எம்ஜிஆர்ல ரெண்டு பேரையும் எழுது. சிஸ்டம்டி-பூட்டுன்னா கர்னலும் பெரும்பாலும் அதே துண்டுலதான் குடியிருக்கும். கர்னல் மாறும்போதெல்லாம் மறு டிஸ்குக்கும் காப்பி போகணும், தெரியுமா?

எதையோ வச்சுக்க, போ. வச்சு முடிச்சதும் மெஷின அணை. மொத டிஸ்கோட கேபிள உருவு. ஆன் பண்ணு. எந்திரிச்சுதுன்னா திரும்ப மாட்டி, எம்டிஏடிஎம்ல சேத்து, ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் காத்திரு. பெறகு ரெண்டாவதையும் உருவிப் பாரு. இத இன்னைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே செஞ்சிரு. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் போன எடுக்க மாட்டேன்.