ரின்மீனும் மைசூர்ப் பருப்பும்

கொழும்பு வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். ஆனாலும் அங்குள்ள அடுக்குமாடிகளின் அவசரக் கறி, வெளிநாட்டுக் கடலில் பிடிபட்டுக் கப்பலேறி வந்த 425 கிராம் ரின்மீன்தான். பேணித் தண்ணீரை வடித்து, நடுமுள்ளை நசுக்கி, வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வதங்கியபின் கறித்தூளோடு பிரட்ட வேண்டும். தேசிக்காய்ப் புளி அடுப்பை விட்டு இறக்கியபிறகே. கொதிக்கும்போது விட்டால் கைக்கும். இந்த ஒரு விஷயத்தில் கொட்டாஞ்சேனை மாமிமாரும் வெள்ளவத்தை மாமிமாரும் ஒரே கட்சி.

துணைக்கு மைசூர்ப் பருப்பு. பெயரில் மைசூர் இருந்தாலும் வருவது பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். ஆட்கள் அங்கே போகப் பருப்பு இங்கே வருகிறது. கணக்கு ஒருவாறு சரி.

2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு வரிசையும் 13 மணிநேர மின்வெட்டும் வந்தபோது குளிர்சாதனப்பெட்டி வெறும் அலமாரியானது. ஐந்தாம் மாடியில் விறகு மூட்டவும் வழியில்லை. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பேணி விலையும் ஏற, உருளைக்கிழங்கை அள்ளிப்போட்டு ஒரு பேணியை இரண்டு நேரத்துக்கு இழுக்கும் கலை வளர்ந்தது. அந்தக் கறியில் மீனைக் கண்டெடுப்பது அவரவர் அதிர்ஷ்டம். பாணைத் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தேடலும் மிச்சம்.