மாற்ற அனுமதிக் குழுவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: மாற்ற அனுமதிக் குழு, ஹைடெக் சிட்டி, ஹைதராபாத்.

ஐயா, அம்மா,

நம் இரண்டு சர்வர் கிளஸ்டருக்கு ஃபென்சிங் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்தைத் தாங்கள் நிராகரித்த செய்தி கிடைத்தது. "ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் கரன்டைப் பிடுங்குவது ஆபத்தானது" என்ற காரணத்தைப் படித்து நெகிழ்ந்துபோனேன். அஹிம்சையில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

உத்தரவுப்படி ஃபென்சிங்கை, அதாவது ஸ்டோனித்தை, அணைத்துவிட்டேன். இனி இரண்டு சர்வருக்கும் நடுவே இணைப்பு அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே முடிவுகட்டும். இரண்டுமே ஒரே டிஸ்க்கை மவுன்ட் செய்யும். அதிலிருப்பது எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் எழுதும் என்ற நம்பிக்கையில் உருவானது. இரண்டு எழுதினால் சண்டை வராது, எரர்கூட உடனே வராது. டேட்டா மட்டும் போய்விடும். இரண்டும் சேர்ந்து எழுத ஜிஎஃப்எஸ்2 இருக்கிறதே என்பீர்கள். அதற்கும் ஃபென்சிங் வேண்டும்.

அடுத்தது தணிக்கை. மவுன்ட் முதலில், ஐபி அடுத்து, டேட்டாபேஸ் கடைசி என்று குரூப்பில் வரிசை போட்டிருந்தேன். பூட் ஆகும்போதே மவுன்ட் செய்யவேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேபில் அந்த மவுன்ட் இல்லையே என்று குறிப்பு வந்தது. கிளஸ்டரை நடத்தும் பேஸ்மேக்கர் கையில் ஒப்படைத்ததை அங்கே எழுதக் கூடாது என்றேன். "இருந்தால் என்ன நஷ்டம்?" என்று கேட்டு இரண்டு சர்வரிலும் எழுதவைத்தீர்கள். இனி ரீபூட் ஆகும் சர்வர் யாரையும் கேட்காமல் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும்.

மவுன்ட்டைக் கண்காணிக்கும் மானிட்டரையும் விட்டுவைக்கவில்லை. செக் லெவலை 20 ஆக்கினால் அது ஒரு சின்ன ஃபைலை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். "லோடு கூடும்" என்று வெட்டிவிட்டீர்கள். மாமூல் சோதனை, மவுன்ட் ஆகியிருக்கிறதா என்பதோடு சரி. நாற்காலியில் துண்டு கிடந்தால் அதிகாரி சீட்டில் இருக்கிறார் என்று ரிஜிஸ்டரில் எழுதுகிற கதைதான்.

இணைப்பெல்லாம் அறுமா என்பீர்கள். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை காலை 11.40க்கு நின்று, மாலை 3.45க்குத்தான் எழுந்தது. இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறியதில் சர்வர்களுக்கு ஸ்டோரேஜே எட்டாமல் போனதாக விளக்கம் தந்தார்கள். சாலை தோண்டியதும் ஒரு காரணமாம். அவ்வளவு பணம் கொட்டியவர்களுக்கே அந்தக் கதி. பிறகு 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சிறப்பு வர்த்தகம் நடத்தி, நடுவிலேயே மாற்று மையத்துக்குத் தாவிக் காட்டினார்கள். ஒரு சர்வரிலிருந்து மற்றதுக்குத் தாவும் நம் ஒத்திகையோ போனாலு பண்டிகைக்குத் தள்ளிப்போனது, கணேஷ் நிமஜ்ஜனத்துக்குத் தள்ளிப்போனது, பதுக்கம்மாவுக்கும் தள்ளிப்போனது. இப்போது சங்கராந்தி என்கிறீர்கள்.

இதே ஊரில் அமேசான் 2022 நவம்பரில் கிளவுட் மையம் திறந்தபோது மூன்று தனித்தனி மண்டலங்களோடு திறந்தது. நமக்கு இரண்டு சர்வர், ஒரே ரேக், ஒரே பவர் ஸ்ட்ரிப். மிச்சமிருந்த பாயின்ட்டில் யாருடைய செல்போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான்: ஃபென்சிங்குக்கு அனுமதி, எஃப்எஸ்டேபில் அந்த வரியை அழிக்க அனுமதி, ஒத்திகைக்கு ஒரு சனிக்கிழமை. முடியாதென்றால், டேட்டா போனால் குழுவே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தக் காகிதத்தை நம் கிளஸ்டரில் வைக்க மாட்டேன், என் வீட்டு பீரோவில் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நைட் ஷிஃப்ட் ஊழியன்