இரண்டு விளக்கும் இருபது விளக்கும்

ஹட்டன் புகையிரத நிலையத்தடியில் வாடகைக்கு நிற்கும் கார் வரிசையில் அப்பாவுடையது ஒரு மொரிஸ் மைனர். 948 சிசி இஞ்சின். டாஷ்போர்டின் நடுவே வட்டமாக ஒரே ஒரு ஸ்பீடோமீற்றர். எச்சரிக்கை என்று சொல்ல அதற்குள் இருந்தவை இரண்டே விளக்குகள்: சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு ஒன்று, ஒயில் அழுத்தம் இறங்கிவிட்டது என்று காட்டுவது மற்றொன்று. இஞ்சின் சூட்டைக் காட்ட முள் கிடையாது. பிரேக் ஒயில் குறைந்தால் சொல்ல எதுவும் கிடையாது. அந்தக் காரில்தான் நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்களை நள்ளிரவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கும் போய்வந்தார்.

நான் இன்று ஓட்டுவது ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்த ஒரு ஹொண்டா ஃபிட். சாவியைத் திருப்பியதும் இருபதுக்குக் கிட்ட விளக்குகள் எரிந்து அணைகின்றன. இஞ்சின், பிரேக், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. அப்பாவுக்கு இதில் பாதி இருந்திருந்தால் எத்தனையோ இரவுகளில் நிம்மதியாக ஓட்டியிருப்பார். எங்களுக்கு இவ்வளவும் கிடைத்திருக்கிறது. ஆனால், அவர் இரண்டு விளக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அளவுக்கு நாங்கள் இருபதிடம் கேட்பதில்லை.

"தம்பி, செவப்பு எரிஞ்சா பற்றரியப் பாக்காத. மொதல்ல பெல்ட்டப் பாரு" என்பார் அப்பா. அதற்குக் காரணம் உண்டு. மைனரில் டைனமோ, காற்றாடி, தண்ணீர் பம்ப் மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். கித்துல்கலை தாண்டி ஏற்றத்தில் வரும்போது சிவப்பு எரிந்தால், சார்ஜ் நின்றதோடு ரேடியேற்றர் தண்ணீரின் ஓட்டமும் நின்றிருக்கலாம். அப்படியே ஏறினால் இஞ்சின் வெந்துவிடும். கார் நிற்கும்போது மங்கலாக எரிந்து, அக்ஸிலேட்டரை மிதித்ததும் அணைந்தால் பயமில்லை. டைனமோ மெதுவாகச் சுற்றுவதால் வருவது அது. ஓடும்போதும் மங்கலாக எரிந்தால் டைனமோ பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் பெட்டியில் கோளாறு. எப்போது எரிகிறது, எந்த வேகத்தில், ஏற்றத்திலா இறக்கத்திலா என்றுதான் அவர் முதலில் கவனிப்பார். அதன் பிறகுதான் பொனட்டைத் திறப்பார்.

சூட்டுக்கு அவருக்கு மூக்குத்தான் துணை. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடியின் ரப்பர் வளையம் நைந்து அழுத்தம் தாங்காமல் போனால் கார் ஏற்றத்தின் பாதியில் ஆவி கக்கும். ரம்பொடையிலும் கினிகத்தேனையிலும் வழியோரப் பீலிகளின் அருகே கார்கள் ஆறிக்கொண்டு நிற்பதைச் சிறுவயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுக் கிளம்பமாட்டார். மூடியைப் பார்ப்பார், ஹோஸைத் தடவிப் பார்ப்பார், பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்.

இறக்கத்துக்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சரிவு தொடங்கும் முன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனால் அங்கேயே நிறுத்திவிடுவார். எந்தக் கியரில் ஏற வேண்டிய மலையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பான் கார்கள் மலைக்கு வந்தன. தொண்ணூறுகளில் இங்கே பரவலாக ஓடிய கொரோலா 100 வகையில், கார்புரேற்றர் இல்லாத மாதிரிகளில் இஞ்சின் உருவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு இருந்தது. அது எரிந்தால் கணினி ஒரு கோளாறைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். அதைப் படிக்கும் கருவி ஹட்டனில் யாரிடமும் இல்லை. ஆனால், எங்கள் பக்கத்துக் கராஜ் பாஸ் ஒருவர் சிறு கம்பித் துண்டு ஒன்றால் அதைப் படித்தார். பொனட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டியைத் திறந்து, டிஈ1, ஈ1 என்று குறித்த இரண்டு துளைகளை அந்தக் கம்பியால் இணைப்பார். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். இரண்டு தடவை சிமிட்டி, சற்று ஓய்ந்து, மறுபடி இரண்டு தடவை சிமிட்டினால் 22: தண்ணீர் சூட்டை உணரும் சென்சரின் சுற்றில் கோளாறு. இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் குறை எதுவும் பதிவாகவில்லை.

22 வந்தால் உடனே சென்சரை மாற்றச் சொல்லமாட்டார் அந்தப் பாஸ். முதலில் பிளக்கைக் கழற்றி முனையில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். மழையும் பனியும் நிறைந்த இந்தப் பிரதேசத்தில் பாதிக் கோளாறு வயர் முனைகளில்தான் என்று சொல்வார். எண் காட்டுவது கோளாறு உள்ள சுற்றை. கோளாறான பாகத்தை நாம்தான் தேட வேண்டும். இன்றைய கருவிகளுக்கும் இதே விதிதான்.

இப்போது கம்பித் துண்டு தேவையில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனையுள்ள சொக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாதிரிகளிலிருந்தும், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலிருந்தும் இந்த முறை கட்டாயமானது. தீப்பெட்டியளவு கருவியைச் செருகினால் கைப்பேசியிலேயே எண் வந்துவிடும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பழைய கார்கள் சில மலிவான கருவிகளோடு பேசுவதில்லை. அவற்றுக்குக் கராஜில் உள்ள பெரிய ஸ்கேனர் வேண்டும்.

என் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது ஒரு ஜனவரி மாதத்தில். எண் பி0128: இஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை. ஒரு கராஜில் சூட்டுச் சென்சரை மாற்றி, எண்ணை அழித்துத் தந்தார்கள். சில நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. பிறகு கொட்டகலையில் கராஜ் வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் கொண்டுபோனேன். அவன் கருவியை எடுக்கவில்லை. "சேர், நீல விளக்கு எப்ப அணையுது?" என்று கேட்டான்.

ஃபிட்டில் சூட்டு முள் இல்லை. இஞ்சின் குளிராக இருந்தால் நீல விளக்கு எரியும், சூடேறியதும் அணைந்துவிடும். என் காரில் அது வெகுநேரம் எரிந்தது. நுவரெலியாப் பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். "ஏத்தத்துல அணைஞ்சு, கினிகத்தேனை எறக்கத்துல திரும்ப எரியுதா?" என்றான். எரிந்தது. காலையில் இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேற்றரின் மேல் ஹோஸில் கை வைக்கச் சொன்னான். தேர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் தண்ணீர் 80 பாகையை அண்டும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். பிறகு சட்டென்று சுட வேண்டும். என் காரில் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறியது. தேர்மோஸ்டாட் திறந்தபடியே இறுகிப் போயிருந்தது. அதை மாற்றியதும் நீலம் நேரத்துக்கு அணைந்தது, மஞ்சளும் வரவில்லை, பெற்றோல் செலவும் குறைந்தது. சூடேறாத இஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்பாவின் கார் மலையில் கொதித்து நின்றது. என் கார் அதே மலையில் சூடேறாமல் தவித்தது. இரண்டுக்கும் தீர்வு தந்தது ஹோஸில் வைத்த கைதான்.

இன்று மலையகத்தில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருந்த காரை வைத்தே காலம் தள்ளினோம். பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்தோம். காசில்லாமல் பழுதைத் தள்ளிப்போட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், விளக்கை அணைப்பது வேறு விஷயம். எண்ணை மட்டும் அழித்துவிட்டுக் காரை விற்கிறார்கள். பல்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஏபிஎஸ் விளக்கின் வயரை வேறொரு விளக்கோடு இணைத்து, இரண்டும் சேர்ந்து அணையும்படி செய்கிறார்கள். கோளாறு உள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லும் வாயை மட்டும் அடைக்கிறார்கள்.

எங்கள் சாலைகளில் இது உயிரோடு விளையாடுவது. சிவப்பு பிரேக் விளக்கு வளைவில் மட்டும் மின்னி மறைந்தால், பிரேக் ஒயில் குறைந்து தொட்டிக்குள் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று அர்த்தம். பிரேக் பேட் தேயத் தேய ஒயில் மட்டம் இறங்கும். ஒயிலை மட்டும் நிரப்பினால் விளக்கு அணையும், தேய்ந்த பேட் அப்படியே இருக்கும். எங்காவது கசிந்தாலும் இதே விளக்குத்தான். பழைய ஒயிலும் ஆபத்து: டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகைவரை கொதிக்காமல் தாங்க வேண்டும், காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், பெடல் தரைக்குப் போகும், கார் நிற்காது. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல சரிவில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவுக்குக் கீழே எதிரே வந்துகொண்டிருப்பவர்கள் நம் ஊர் மக்கள்.

ஆகவே, பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இவற்றைச் செய்யுங்கள். இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் சாவியைத் திருப்பி, எல்லா விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டிய ஒன்று எரியாவிட்டால் யாரோ அதைக் கழற்றியிருக்கக்கூடும். சிவப்பு எரிந்தால் காரை ஓரங்கட்டுங்கள். மஞ்சள் நிலையாக எரிந்தால் மெதுவாகப் போய்க் காட்டுங்கள்; இஞ்சின் விளக்கு கண் சிமிட்டினால் சிலிண்டரில் தீப்பற்றல் தவறுகிறது, அதோடு மலை ஏறாதீர்கள். எண்ணை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். எப்போது, எந்த இடத்தில், எந்தக் குளிரில் எரிந்தது என்பதையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். கராஜில் முதலில் அதைச் சொல்லுங்கள். பாகத்தை மாற்றச் சொன்னால், வேறு எதைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். காரணம் தெரியும்வரை எந்த விளக்கையும் அணைக்க விடாதீர்கள்.