வயருக்குப் பொறுப்பு யார்?

எண்பதுகளின் கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தேன். கிட்டாருக்கு உறை இருந்தது. கீபோர்டுக்கு மரப்பெட்டி இருந்தது. தபேலாவுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த பை இருந்தது. வயர்களுக்கு மட்டும் ஒரு கோணிப்பை. கச்சேரி முடிந்ததும் யார் கைக்கு எது சிக்குகிறதோ அதை உருவி, முழங்கையில் சுற்றி, பைக்குள் திணிப்பார்கள். அடுத்த ஊரில் பையைக் கவிழ்த்தால் மொத்தமும் ஒரே சிக்கலாக வந்து விழும். அதைப் பிரிப்பது குழுவுக்குப் புதிதாக வந்தவரின் வேலை. இரண்டு வருஷம் அது என் வேலையாக இருந்தது.

வயர்கள் குழுவுக்குப் பொது. அதனால் அவை யாருடையவையும் இல்லை. எது நல்லது, எது கரகரக்கும் என்று ஓர் அடையாளம் கிடையாது. நேற்று வாசிக்கும்போது பாதியில் நின்றுபோன வயரும் இன்று அதே பையிலிருந்துதான் வெளியே வரும். ஸ்பீக்கர் வயரின் முனையிலும் அதே பி-38 பின், கிட்டார் வயரின் முனையிலும் அதே பி-38 பின். இரண்டும் மாறிப் போகும். ஸ்பீக்கர் வயருக்கு மேலே கவசப் பின்னல் கிடையாது. அதைக் கிட்டாரில் சொருகினால் ‘உம்ம்’ என்ற இரைச்சலில் பாட்டே மூழ்கிவிடும். மெல்லிய கிட்டார் வயரை ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போட்டாலோ அது சூடேறும், ஆம்ப்ளிஃபயருக்கும் ஆபத்து.

பங்குனியிலிருந்து ஆடி வரை திருவிழா மாற்றித் திருவிழா. இரவு பத்து மணிக்கு மேல்தான் மேடை ஏறுவோம், பல ஊர்களில் விடிய விடிய நடக்கும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டாருக்கென்று தனியாக ஒரு நடை ஓடும். அது பாதியில் அறுந்தால் ஊர்ச் சனத்துக்குக் காரணம் தெரியாது, ஆனால் பாட்டு காலியாகிவிட்டது என்பது தெரிந்துவிடும். மைக் செட் அண்ணன் டார்ச் லைட்டோடு மேடைக்கடியில் தவழ்ந்து வருவார். “தம்பி, பின்கிட்ட ஆட்டிப் பாருங்க” என்பார். ஆட்டினால் வரும், விட்டால் போகும். கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, ஒரு கோணத்தில் வளைத்து, காலால் அழுத்திக்கொண்டே மீதிப் பாட்டை வாசித்து முடிப்போம். விடிகிற வரைக்கும் நேரம் இருந்ததால் ஐந்து நிமிஷம் போவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அந்தக் காலத்து வயரை அறுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நடுவே நாலைந்து இழை செம்பு, அதன்மேல் பிளாஸ்டிக், அதைச் சுற்றி இடைவெளி விட்டுவிட்டுச் சுற்றிய மெல்லிய கம்பிகள். அந்தச் சுற்றுதான் கவசம். அதில் இடைவெளி இருக்கிற இடத்திலெல்லாம் வெளி மின் இரைச்சல் உள்ளே நுழையும். பந்தலில் காலுக்குக் கால் கட்டிய டியூப் லைட்டுகளின் சோக்கும், கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் எங்களோடு சேர்ந்து இரவெல்லாம் வாசித்தன. வயரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘தும்’ என்று கேட்கும். பிளாஸ்டிக்கும் கம்பியும் உரசும்போது உண்டாகிற மின்னூட்டம் அது. நல்ல வயர்களில் இந்த உரசலை அடக்குவதற்கென்றே, கவசத்துக்கு அடியில் மின்சாரம் கடத்தும் கறுப்புப் பிளாஸ்டிக் ஓர் அடுக்கு இருக்கும். எங்களிடம் இருந்தவற்றில் அது இல்லை.

நீளமும் ஒரு பிரச்சினை. பத்து மீட்டருக்குக் குறைந்த வயர் பையில் இருக்காது. எந்த மேடை எவ்வளவு அகலம் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கிட்டார் வயருக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. பத்து மீட்டருக்கு ஆயிரம். பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப்போடு அது சேரும்போது மேல் சுருதியின் பளிச்சென்ற தன்மை மங்கிவிடும். எனக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. லீட் கிட்டார் வாசித்த அண்ணன்தான் கம்பளி போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி தன் கிட்டார் கேட்கிறதென்று சண்டை பிடிப்பார். டிரெபிளை முழுக்கத் திருப்புவார், இரைச்சலும் கூடவே ஏறும். குறை கிட்டாரிலும் இல்லை, ஆம்ப்ளிஃபயரிலும் இல்லை, தரையில் பாம்பு மாதிரி கிடக்கிற வயரில் இருக்கிறது என்று அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வீணையிலும் வயலினிலும் ஒட்டுகிற பீசோ பிக்கப்புக்கு நீள வயர் வேறு விதமாகக் கெடுதல் செய்யும். அங்கே மொத்தச் சத்தமே குறையும்.

இன்றைக்கு மேடையே வேறு. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளும் 2005இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் திறந்தவெளி ஒலிபெருக்கியை இரவு பத்து மணியோடு நிறுத்தச் சொல்கின்றன. நாங்கள் மேடை ஏறிய அதே நேரத்தில் இன்றைய பிள்ளைகள் இறங்க வேண்டும். வயரை ஆட்டிப் பார்க்கிற ஐந்து நிமிஷத்தில் ஒரு பாட்டே போய்விடும்.

வயர்லெஸ் வந்ததும் வயர் ஒழிந்தது என்று பேசிக்கொண்டோம். எங்கள் மேடையில் நடந்ததோ நேர்மாறு. பாடுகிறவர் கையிலும் கிட்டார்க்காரர் இடுப்பிலும் வயர் இல்லை, உண்மைதான். ஆனால் கீபோர்டுகள் ஒவ்வொன்றிலிருந்தும் இடம் வலம் இரண்டு, ஆக்டாபேடிலிருந்து இரண்டு, லேப்டாப்பிலிருந்து சில, பெடல் பலகைக்குள்ளே விரல் நீளத்தில் ஒரு கொத்து என்று எங்கள் கோணிப்பையில் இருந்ததைவிட அதிகமாகிவிட்டது. முன்பு மேடையிலிருந்து மிக்சருக்குப் பல வயர்களை ஒன்றாகச் சேர்த்துத் தொடை கனத்தில் ஓடிய மல்டிகோர் போய், டிஜிட்டல் மிக்சருக்கு இப்போது ஒரே ஒரு நெட்வொர்க் வயர் போகிறது. அன்று ஒரு வயர் போனால் ஒரு வாத்தியம் நிற்கும். இன்று அந்த ஒற்றை வயரை ஒருவர் நாற்காலிக் காலால் நசுக்கினால் மேடையே ஊமையாகும். அதற்கு மாற்றாக இன்னொன்றைப் பக்கத்திலேயே இழுத்து வைக்காமல் கச்சேரி தொடங்கக் கூடாது என்பது என் கட்சி.

பொருளின் தரம் பல மடங்கு உயர்ந்திருக்கிறது. அதை மறுப்பவன் அந்தக் கோணிப்பையைத் தூக்கியிருக்க மாட்டான். நெருக்கமாகப் பின்னிய கவசம், நியூட்ரிக் பின், மூன்று மீட்டர் ஆறு மீட்டர் என்று தேவைக்கு ஏற்ற நீளம், எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது, வீட்டு வாசலுக்கும் வருகிறது. என் வருத்தம், பின்னோடு சேர்த்து வார்த்து மூடிய வயர்களைப் பற்றியது. பார்க்க அழகு, விலையும் குறைவு. உள்ளே ஓர் இழை அறுந்தால் திறக்க வழியில்லை. திருகிக் கழற்றக்கூடிய பின் உள்ள வயரையே வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

ஈயம் வைக்கிற வேலையை மைக் செட் அண்ணனிடம்தான் கற்றுக்கொண்டேன். முதலில் பின்னின் மூடியை வயரில் கோத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கோக்க முடியாது. மேல்தோலைச் சீவி, கவசக் கம்பிகளைப் பிரித்து, ஒரு பக்கமாக முறுக்கி, அதற்கும் நடுக்கம்பிக்கும் தனித்தனியே ஈயம் பூச வேண்டும். நல்ல வயராக இருந்தால் அந்தக் கறுப்பு அடுக்கைப் பின்னுக்குச் சீவித் தள்ளியாக வேண்டும். அது நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் சிக்னல் கவசத்துக்குக் கசிந்து சத்தம் மெலியும். ரிப்பேர் செய்த வயர் சரியாக வாசிக்கவில்லை என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நடுக்கம்பி நுனிக்கு, கவசம் உடம்புக்கு. பின்னிலுள்ள பிடிப்புத் தகடு வெறும் கம்பியை அல்ல, மேல்தோலைக் கவ்வ வேண்டும். இழுப்பெல்லாம் அதில்தான் நிற்க வேண்டும், ஈயத்தில் அல்ல. பிறகு மல்டிமீட்டரை வைத்து, வயரை வளைத்து வளைத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் கிடக்கும்போது எல்லா வயரும் நல்ல வயர்தான்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்வேன். இரைச்சலைப் போக்குவதற்காக மின்சார பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1972இல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். ஜெனரேட்டரில் ஓடுகிற நம் கிராமத்து மேடைகளில் இந்த ஆபத்து இன்னும் பக்கத்தில் நிற்கிறது. இரைச்சலுக்கு மருந்து, வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கிற டி.ஐ. பெட்டி. அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது.

வயரைச் சுற்றுவதைப் பார்த்தே ஒருவர் வாசிப்பில் எவ்வளவு கவனமானவர் என்று சொல்லிவிடுவேன். முழங்கையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும், உள்ளே கம்பி நெளியும். ஒரு வளையத்தை மேலாக, அடுத்ததை உள்பக்கமாகத் திருப்பி என்று மாற்றி மாற்றிப் போட்டால் முறுக்கு தானே அவிழ்ந்துகொள்ளும்; எடுத்து வீசினால் நேராக ஓடும். மேடையில் பிரவுன் டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் அதன் பசை உருகி வயரோடு வந்துவிடும். கச்சேரி முடிந்ததும் ஈரத்துணியால் புழுதியைத் துடைத்து, காய்ந்த பிறகு மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். பந்தல் சாமானோடு போட்டால் எலி பார்த்துக்கொள்ளும்.

எங்கள் குழுவில் இப்போது கீபோர்டு வாசிக்கிற தம்பி போன வருஷம் ஒரு வார்ப்பு வயரைத் தூக்கிப் போட இருந்தான். வாங்கிப் பார்த்தேன். அறுந்திருந்தது பின்னுக்கு ஒட்டினாற்போல, இரண்டு விரல்கடை தூரத்தில், மற்றதெல்லாம் புதுசு. இரு முனையையும் வெட்டி, புதுப் பின்களை அவன் கையாலேயே ஈயம் வைக்கச் சொன்னேன். முதல் தடவை ஈயம் உருண்டு நின்றது, சூடு போதவில்லை. மறுபடி வைத்தான். முடிந்ததும் ஒரு துண்டு வெள்ளை டேப்பில் தன் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிக்கொண்டான். போன மாதம் ஆக்டாபேட்காரர் அந்த வயரை இரவல் கேட்டார். கொடுத்தான். கொடுக்கும்போதே, “முடிஞ்சதும் நீங்க சுத்த வேண்டாம்ணே, நானே வந்து சுத்தி எடுத்துக்கிறேன்” என்றான்.